வேந்தன் கடன்

மேடையேறிப் பேசத் தெரிந்த நம் தோழர்களில் புறநானூற்றுத் தாயைப் பற்றிப் பேசாதவர் எவருமில்லை. ஒக்கூர் மாசாத்தியார் காட்டிய அந்த மறக்குடி மகளை மதுரைத் தமுக்கம் திடலிலும், திருமங்கலத்துத் தேரடியிலும், உசிலம்பட்டிச் சந்தைத் திடலிலும் எத்தனை முறை அழைத்து வந்து நிறுத்தியிருப்போம்! முன்னாளில் தமையனைப் போர்க்களத்தில் இழந்தவள். நேற்று கணவனை இழந்தவள். இன்று போர்ப்பறை கேட்டதும் வீட்டில் எஞ்சியிருந்த ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, கையிலே வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்பியவள். சொல்லி முடிக்குமுன் கைதட்டல் வானைப் பிளக்கும். பேச்சாளர் துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொள்வார். அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் புறப்படுவார்.

கைதட்டிய நாம் ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. அந்தச் சிறுவன் அந்த வயதை எட்டியது எப்படி? தந்தை களத்திலேயே காலங்கழித்த வீட்டில், அவனுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் விழித்திருந்தவர் யார்? ஊர்ப் பிள்ளைகளோடு சண்டையிட்டு வந்தபோது அடித்துத் திருத்தியவர் யார், அணைத்துத் தேற்றியவர் யார்? அப்பா எங்கே என்று அவன் கேட்ட நாளெல்லாம் பொய்யும் மெய்யும் கலந்து விடை சொன்னவர் யார்? வேல் கொடுத்த ஒரு நொடியைப் பாடினோம். வளர்த்த ஆண்டுகளை மறந்தோம்.

மறக்கக் கூடாதென்று கணக்கெழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. பொன்முடியார். புறநானூற்றின் 312ஆம் பாட்டு அவருடையது. பெற்றுக் காப்பது தாய்க்குக் கடன். சான்றோனாக்குவது தந்தைக்குக் கடன். வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடன். களத்தில் வென்று திரும்புவது காளைக்குக் கடன். இத்தனை பேருக்கும் கடன் சொன்ன அம்மையார் அரசனை விட்டுவிட்டாரா? இல்லை. நல்குவது வேந்தனுக்குக் கடன் என்றார். எதை நல்குவது என்பதிலே பாடபேதம் உண்டு. நன்னடை என்று கொண்டு நல்லொழுக்கம் என்பார் சிலர். தண்ணடை என்று கொண்டு நீர்வளம் மிக்க ஊர் என்பார் சிலர். எதுவாயினும் ஆகுக. வீரனைப் பெற்ற வீட்டுக்கு வேந்தன் கடன்பட்டவன் என்பதில் பேதமில்லை.

அந்தக் கணக்கை இன்றைய மதுரைச் சீமைக்குக் கொண்டுவந்து சரிபார்ப்போம், தோழர்களே!

கொல்லன் கடன் நடக்கிறது. 1966இல் திருச்சியில் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. காளையின் கடன் நடக்கிறது. மதுரைப் பிள்ளைகள் பனிமலையிலும் பாலையிலும் காவல் நிற்கிறார்கள். தாயின் கடன் நடக்கிறது. தந்தையின் கடன்? அவர் எல்லையில் இருப்பதால் அந்தக் கடனையும் தாயே சுமக்கிறாள். ஐந்து கடனில் நாலு தீர்கிறது. அதில் இரண்டை ஒருத்தியே தீர்க்கிறாள். வேந்தன் கடன் என்னாயிற்று?

யார் இந்தத் தாய்? மதுரையிலிருந்து தெற்கேயும் மேற்கேயும் போய்ப் பாருங்கள். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்தில் நெல் விளைகிறது. திருமங்கலம் தாண்டினால் கள்ளிக்குடி, பேரையூர், சேடபட்டி: வானம் பார்த்த பூமி. பருத்தியும் சோளமும் போட்டு, மழை வந்தால் கூழ், வராவிட்டால் கடன் என்று வாழும் ஊர்கள். அந்த ஊர்ச் சாலைகளில் விடியுமுன் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பேருந்து ஓட்டும் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். ஆளெடுப்பில் 1,600 மீட்டர் ஓட்டத்தில் தேற வேண்டுமென்று ஓடும் பிள்ளைகள் அவர்கள். மாதம் தவறாத சம்பளம், தங்கைக்குக் கலியாணம், அப்பனின் கடனுக்கு முடிவு, எல்லாம் அந்த ஓட்டத்தின் முடிவிலே இருக்கின்றன. நாட்டுப்பற்று இல்லையென்று சொல்லவில்லை, அது உண்டு. வயிறும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் உழைப்பாளிக்குச் செய்யும் மரியாதை.

அப்படிப் போனவருக்கு வாழ்க்கைப்பட்டவள்தான் நாம் சொல்லும் தாய். ஊரிலே அவளுக்குப் பெயரில்லை; ‘மிலிட்டரிக்காரர் சம்சாரம்’ என்பதுதான் பெயர்.

சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. முழுதும் கிடைத்தாலும் 90 நாள். அதுவும் எல்லையில் அமைதி இருந்தால். எஞ்சிய 275 நாளும் அவள் தனி. குடும்பத்தோடு வாழும் குவார்ட்டர்ஸ் எல்லாருக்கும் எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை. போர்முனைப் பகுதிக்குக் குடும்பத்தை அழைத்துப்போக இயலாது. ஆகவே ஊரிலேயே வளரும் பிள்ளை பத்து வயதை எட்டும்போது, தந்தையோடு வாழ்ந்த நாள் 900. ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. எஞ்சிய ஏழரை ஆண்டும் தாயின் ஒற்றைக் கையிலே.

பிரிவு மட்டுமா துன்பம்? வரவும் துன்பம். இதை வெளியிலிருப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் விடுப்பில் வந்து நிற்கும் மனிதரைப் பார்த்துக் குழந்தை தாயின் சேலைக்குள் ஒளிகிறது. “யாரும்மா இந்த மாமா?” என்று கேட்கிறது. தூக்கப் போனால் அலறுகிறது. ஒரு வாரம் ஆகிறது, மடிக்கு வர. பிறகு பிரிய மறுக்கிறது. அப்பா கையால்தான் சோறு, அப்பா வண்டியில்தான் பள்ளி. தாய் ஒன்பது மாதம் பாடுபட்டு வைத்த ஒழுங்கெல்லாம் அப்பா வாங்கித் தரும் பண்டத்திலும் விளையாட்டுச் சாமானிலும் கரைந்து போகிறது. அவரைக் குறை சொல்ல முடியுமா? ஓராண்டுப் பாசத்தை இரண்டு மாதத்தில் கொட்டிவிடத் துடிக்கிறார். சிலரோ பாசறைக் கட்டளையை வீட்டுக்கும் கொண்டுவந்து, படிக்காத பிள்ளையை அதட்டி அடிக்கிறார்கள். அதுவும் தவறென்று அவளால் வாய்திறந்து சொல்ல முடிவதில்லை. போகிற மனிதர் மனவருத்தத்தோடு போகக் கூடாதே!

பிறகு அந்த நாள் வருகிறது. மதுரைச் சந்திப்பில் இரும்புப் பெட்டியை ஏற்றிவிட்டு, கைகாட்டிவிட்டு வீடு திரும்புகிறார்கள். அன்று இரவே பிள்ளைக்குக் காய்ச்சல். எந்த மருத்துவருக்கும் தெரிந்த காய்ச்சல் அது. “அப்பா எப்பம்மா வருவாரு?” “பொங்கலுக்கு வந்துருவாருப்பா.” பொங்கலுக்கு வருவாரா என்று அவளுக்கே தெரியாது. ஒழுங்கையெல்லாம் முதலிலிருந்து கட்ட வேண்டும். ஆண்டுதோறும் இடித்து, ஆண்டுதோறும் கட்டும் வீடு அது.

முன்பெல்லாம் கடிதம் இருந்தது. பெயர், எண், படைப்பிரிவு, அதன்கீழ் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. அவ்வளவுதான் முகவரி. ஊர் பெயர் இருக்காது. அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்று பூகோளப் படத்தில் விரல் வைத்துக் காட்டச் சொன்னால், அந்த எண்ணை எங்கே போய்த் தேடுவது? இன்று கைப்பேசியில் முகம் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் உயரமான காவல் நிலைகளுக்குப் போய்விட்டால் நாள்கணக்கில் தொடர்பில்லை. 2025 மே 7 முதல் 10 வரை எல்லையில் குண்டுகள் வெடித்த அந்த நான்கு நாட்களை நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சிகள் போட்டி போட்டுக் கூச்சலிட்டன. நாம் டீக்கடையில் நின்று பார்த்தோம். மிலிட்டரிக்காரர் வீட்டிலே அந்தப் பெட்டியை அணைத்துவிட்டு, கோடை விடுமுறையில் இருந்த பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டியபடி, கைப்பேசி ஒலிக்காதா என்று காத்திருந்த பெண்களை யார் பார்த்தது? மே 10ஆம் நாள் சென்னையில் இராணுவத்துக்கு ஆதரவாகப் பேரணி நடந்தது. நடத்தியது நன்று. பேரணி போகாத சந்துகளும் உண்டு என்பதைத்தான் நினைவூட்டுகிறோம்.

இன்னொரு பகையும் அவளுக்கு உண்டு. அதைச் சொன்னால் நமக்கே சுடும். கணவன் ஊரிலில்லாத பெண் கடைக்குப் போனால் தெருவுக்குக் கண் முளைக்கிறது. பள்ளிக் கூட்டத்துக்குப் போய் நேரங்கழித்துத் திரும்பினால் திண்ணைக்கு வாய் முளைக்கிறது. நல்ல சேலை கட்டினால் ஒரு பேச்சு. பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக அடுத்த வீட்டுத் தம்பியின் ஆட்டோவில் ஏறினால் ஒன்பது பேச்சு. நடுச்சாமத்தில் பிள்ளைக்கு வலிப்பு வந்து இராசாசி மருத்துவமனைக்கு ஓடும் தாய், வழியில் யார் பார்ப்பார்களோ என்று எண்ணி முக்காடு போட வேண்டிய ஊர் என்ன ஊர்? பெரியார் பிறந்த நாட்டிலே, பெண்ணடிமை தீர்ந்ததென்று சுவரெழுத்து எழுதிய கைகளே, அந்தத் திண்ணையில் சீட்டாடும் கைகளாகவும் இருப்பதை நாம் மறைக்கலாமா?

வீட்டுக்குள்ளும் வழக்கு உண்டு. மகன் அனுப்பும் பணம் மாமனார் கணக்கில் விழும். பிள்ளைக்கு நோட்டு வாங்க மருமகள் கைநீட்ட வேண்டும். கணவன் இல்லாத நேரம் பார்த்துப் பங்காளி வரப்பை வெட்டுவான். இங்கே ஒரு செய்தியைத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள். போர்முனை போன்ற தனி நிலைமைகளில் பணியாற்றும் வீரருக்காக 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இருக்கிறது. அவர் வந்து வழக்காட முடியாத காலத்தில் வழக்கை நிறுத்திவைக்க நீதிமன்றத்துக்கு வழி செய்வது அது. படைப்பிரிவின் தலைமை அதிகாரி வாயிலாக மாவட்ட ஆட்சியருக்கு மனுவும் அனுப்பலாம். பல வீடுகளுக்கு இது தெரியாது.

பிள்ளைகளின் படிப்புக்கு வருவோம். குவார்ட்டர்ஸ் கிடைத்த இரண்டு மூன்று ஆண்டுகள் குடும்பம் வடக்கே போகிறது. 2002இல் மணமானோர் குடியிருப்புத் திட்டம் வகுத்துப் பெருமளவில் வீடு கட்டினார்கள்; வீடு கிடைக்கப் பெற்றவர் மகிழ்ந்தார்கள். பிள்ளை அங்கே கேந்திரிய வித்யாலயாவில் சேர்கிறது. ஊர்மாறும் ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்றே 1962இல் ஒப்புதல் பெற்று, 1963இல் 20 ரெஜிமெண்ட் பள்ளிகளை எடுத்துக்கொண்டு தொடங்கிய பள்ளிகள் அவை. பாடம் எங்கும் ஒன்றே என்பதால் இடம் மாறினாலும் படிப்பு அறுபடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அந்தப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் இல்லை. வடக்கே இல்லாமற்போனால் போகட்டும். மதுரையில் நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் உள்ள கேந்திரிய வித்யாலயாக்களின் நிலை என்ன? இந்திக்கும் சமஸ்கிருதத்துக்கும் உள்ள இடம் தமிழுக்கு இல்லை என்ற குறையை நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் ஆண்டுக்கணக்கில் எழுப்பி வந்திருக்கிறார்கள்.

விளைவு என்ன? நாலாண்டு கழித்துத் திரும்பும் பிள்ளை திருமங்கலம் பேருந்தின் பலகையைப் படிக்கத் தெரியாமல் நிற்கிறது. அப்பத்தாவிடம் பேசுகிறது, ஆனால் எழுதத் தெரியாது. ஊர்ப் பள்ளியில் போட்டால் தமிழ் வகுப்பில் கடைசி. நகரத்துப் பள்ளியில் போட்டால் கட்டணம். பிள்ளைகளின் கல்விப் படியாக மாதம் 2,812 ரூபாய் 50 காசு தரப்படுகிறது, இரண்டு பிள்ளைகள் வரை. பணம் வருகிறது, பிள்ளையின் தமிழை யார் திருப்பித் தருவது? ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்று தமிழிலே போர்முழக்கம் செய்யும் மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையகம் நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. முழங்கும் தந்தைக்குத் தமிழ் வேண்டும். அவன் பெற்ற பிள்ளைக்குத் தமிழ் வேண்டாமா?

அடுத்தது காகிதம். பட்டாளத்தில் திருமணம் நடந்ததும் பிள்ளை பிறந்ததும் ‘பாகம் 2 ஆணை’ என்ற பதிவிலே ஏறினால்தான் உண்டு. ஏறாவிட்டால் மனைவி மனைவியல்ல, பிள்ளை பிள்ளையல்ல. தமிழர்க்கு இதிலே தனித் தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்து தான் உண்டு. சாதிப் பெயரை ஒட்டிக்கொள்ளாத நம் பெருமை, வடக்கத்திப் படிவத்தில் குற்றமாகிறது. படிவமோ கடைசிப் பெயர் கேட்கிறது. எழுத்தர் ஒருவர் முதலெழுத்தை விரித்து எழுதுவார். இன்னொருவர் ஊர் பெயரைச் சேர்ப்பார். ஆதாரில் ஒரு பெயர், பணிப் பதிவேட்டில் ஒரு பெயர், வங்கியில் மூன்றாவது பெயர். கணவன் இருக்கும்வரை இது சில்லறைத் தொல்லை. அவன் இல்லாமற்போகும் நாளில் ஓர் எழுத்துப் பிழைக்காகப் பிள்ளைகளின் சோறு நிற்கும்.

அந்த நாளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2016 பிப்ரவரி 3இல் சியாச்சின் பனிச்சரிவில் மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியன் வீரர்கள் புதைந்தபோது, நம் மதுரை மாவட்டத்துச் சொக்கத்தேவன்பட்டிச் சிப்பாய் கணேசனும் அவர்களில் ஒருவர். 2020 ஜூன் 15இல் கல்வானில் வீழ்ந்த 20 பேரில் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி. மதுரை விமான நிலையத்தில்தான் அவர் உடல் வந்திறங்கியது. மறுநாள் நாடே அந்தச் சிற்றூரைப் பார்த்தது. இரண்டு பிள்ளைகளோடு நின்ற அவர் துணைவியார் வானதி தேவி, 2021 நவம்பரில் குடியரசுத் தலைவர் கையால் வீர் சக்ரா விருதைப் பெற்றுக்கொண்டார். கணவருக்கு விருது, மனைவிக்கு அதன் பின்னுள்ள ஆண்டுகள்.

2022 ஆகஸ்ட் 11இல் ரஜௌரியில் வீழ்ந்த ரைபிள்மேன் இலட்சுமணன் நம் மதுரைப் புதுப்பட்டிப் பிள்ளை. அவர் உடல் வந்த நாளில் விமான நிலைய வாசலில் நடந்ததென்ன? அஞ்சலி செலுத்தித் திரும்பிய அமைச்சரின் வண்டிமீது செருப்பு வீசப்பட்டது. வாரம் முழுதும் ஊர் பேசியது செருப்பைப் பற்றி. மகனை இழந்த வீட்டைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? வீசியவர்களைக் கண்டித்தோம்; கண்டித்தது சரி. ஆனால் செருப்பின் பேச்சிலே நாமும் அல்லவா மூழ்கிப்போனோம்!

வீழ்ந்தவரின் பிள்ளைகள் படிப்புக்கு 1971 போரையொட்டி வகுத்த சலுகை ஒன்று உண்டு. கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். 2017 ஜூலையில் டில்லி என்ன செய்தது தெரியுமா? மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்று அதற்கு உச்சவரம்பு கட்டியது! எதிர்ப்புக் கிளம்பியது; 2018 மார்ச்சில் அந்த வரம்பு நீங்கியது. தேசபக்தி பேசும் நாவும், தந்தையற்ற பிள்ளையின் கட்டணத்தில் சிக்கனம் தேடும் கையும் ஓருடலில் இருந்ததை நாம் மறவோம். குரல் கொடுத்தால் திரும்பப் பெறுவார்கள் என்பதையும் மறவோம்.

இப்போது வந்திருப்பது அதனினும் பெரியது. 2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத். முன்பு சிப்பாய் 15 ஆண்டு சேவை முடித்தால் ஓய்வூதியம். அவன் காலத்துக்குப்பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். அந்த உறுதியை நம்பித்தான் பெண் கொடுத்தார்கள். அந்த உறுதியை நம்பித்தான் அவள் 275 நாள் தனிமையைப் பொறுத்தாள். இன்றோ நாலாண்டுப் பணி. நூற்றுக்கு 25 பேரை மட்டுமே நிறுத்திக்கொள்வார்கள். மற்ற 75 பேருக்கும் 11 இலட்சத்து 71 ஆயிரம் ரூபாய் கொடுத்து, வாழ்த்துச் சொல்லி வழியனுப்புவார்கள். ஓய்வூதியம் கிடையாது. பணிக்காலத்தில் உயிரிழந்தால் 48 இலட்சம் காப்பீடும் வேறு தொகைகளும் உண்டு. மாதந்தோறும் வீட்டுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் இல்லை. மொத்தமாக வரும் பணம் கிராமத்தில் எத்தனை நாள் நிற்கும் என்பது நமக்குத் தெரியாதா? கடன்காரன் ஒருபக்கம், உறவினன் ஒருபக்கம், சீட்டுக் கம்பெனிக்காரன் ஒருபக்கம். மாதச் சம்பளத்தில் வாழ்ந்த உழைப்பாளிக்குத் தெரியும்: பிள்ளையை வளர்ப்பது மொத்தப் பணமல்ல, மாதந்தோறும் வரும் பணம். வேந்தன் தன் கடனைத் தீர்க்கச் சுணங்கிய காலம் போய், கடனே இல்லையென்று கைவிரிக்கும் காலம் வந்துவிட்டது.

ஒரு தோழர் எழுந்து கேட்பார், கேட்கட்டும்: “மிலிட்டரிக்காரருக்கு என்ன குறை? சம்பளம் உண்டு, கேண்டீன் உண்டு, சலுகை உண்டு. பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்த்தவன் பிள்ளை முகத்தைப் பார்த்தானா? துபாய்க்குப் போன கொத்தனார் இரண்டாண்டுக்கு ஒருமுறைதானே வருகிறார்? அவர் மனைவிக்கு யார் எழுதுகிறார்கள் தலையங்கம்?” நியாயமான கேள்வி. அந்தப் பெண்களுக்காகவும் எழுதுவோம். ஆனால் இதை எண்ணுங்கள்: கொத்தனாரை அனுப்பியது வறுமை, சிப்பாயை வறுமையோடு சேர்ந்து அரசும் அழைத்தது, நிறுத்தியது, திரும்பி வரும் நாளையும் அரசே வைத்திருக்கிறது. அழைத்தவனுக்குக் கடன் உண்டு. மேலும், வேலைக்குப் போகும் ஆணின் உழைப்பைக் கூலியாக எண்ணும் நாம், அவன் பிள்ளையை வளர்க்கும் பெண்ணின் உழைப்பை இயற்கை என்று எண்ணுகிறோமே, அதுதான் இங்கே முதல் பிழை.

அந்தப் பிழையைத் திருத்திய நாடு உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு, களம் சென்ற வீரரின் மனைவி கையிலேயே பிரிவுப்படி கொடுத்தது. பிள்ளைக்கு இவ்வளவு என்று கூட்டியும் கொடுத்தது. அதைக் கண்ட எலினோர் ராத்போன் அம்மையார், போர்க்காலத்தில் சரியானது அமைதிக்காலத்தில் தவறாகுமா என்று கேட்டார். பிள்ளை வளர்ப்பவளுக்கு அரசு பணம் தர வேண்டுமென்று கால் நூற்றாண்டுக்கு மேல் போராடினார். 1945இல் குடும்பப் படிச் சட்டம் வந்தது. சிப்பாயின் மனைவியிடம் தொடங்கிய வழக்கு, தொழிலாளியின் மனைவிக்கும் வெற்றி தேடித் தந்தது. ஆகவே தோழர்களே, அவள் வழக்கு உங்கள் வழக்கு.

நாம் கேட்பது இவை. அக்னிபத்தைக் கைவிட்டு, ஓய்வூதியமும் குடும்ப ஓய்வூதியமும் உள்ள பழைய பணிமுறையை மீட்க வேண்டும். தமிழ்நாட்டுக் கேந்திரிய வித்யாலயாக்களில் நிரந்தரத் தமிழாசிரியரை அமர்த்த வேண்டும். இவை டில்லியிடம்.

சென்னையிடமும் கேட்போம், நம்மவர் என்பதற்காக வாய்மூட வேண்டியதில்லை. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ரூ.1 கோடி வரை கடன், 30 விழுக்காடு மானியம் என்று 2024 விடுதலை நாளில் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. வரவேற்றோம். அது ஓய்வுபெற்று வந்தவருக்கு. பணியில் இருப்பவரின் மனைவிக்குக் கரம் நீட்டுவது யார்? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மதுரை நகரில் இருக்கிறது. கைக்குழந்தையோடு பேரையூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவளுக்கு அது தொலைவு. திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் மாதம் ஒருநாள் அந்த அலுவலகம் அவளைத் தேடி வரட்டும். பெயர்த் திருத்தத்தையும் பாகம் 2 ஆணையையும் அங்கேயே எழுதிக் கொடுக்கட்டும். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க 2001 முதல் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், இராணுவப் பாசறைகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கென ஒரு வகுப்புத் தொடங்கட்டும். 2022 செப்டம்பர் 15இல் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, விடியலில் ஒற்றையாய் ஓடும் எத்தனை தாய்களுக்கு மூச்சு வந்தது! செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாவது கோரிக்கை கிளைக் கழகங்களிடம். உங்கள் கிளையில் மிலிட்டரிக்காரர் வீடு எத்தனை என்று தெரியுமா? எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியல் குலுக்குவதோடு நிற்காமல் அந்த வீடுகளுக்கு மகளிரணித் தோழியரை அனுப்புங்கள். படிப்பகத்தில் மாலை வேளையில் ஒரு தோழர் அமர்ந்து, வடக்கேயிருந்து திரும்பிய பிள்ளைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கட்டும். படிவம் நிரப்பத் தெரிந்தவர் நிரப்பிக் கொடுக்கட்டும். நடுச்சாமத்தில் கூப்பிட்டால் வரும் ஆட்டோத் தோழரின் எண் அவள் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கட்டும். அந்த ஆட்டோவில் அவள் ஏறும்போது திண்ணை வாய்மூடி இருக்கட்டும். மூடாவிட்டால் மூடவைப்பது உங்கள் பொறுப்பு. இதற்குத் தீர்மானமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

பொன்முடியார் காலத்தில் வேந்தன் அரண்மனையில் இருந்தான். கடனைத் தீர்க்காவிட்டால் புலவர் அவனைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். முடியரசு போய்விட்டது. வாக்குச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் நாம்தான் இன்று வேந்தர். கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதும், செய்ய வேண்டிய தெருவில் செய்வதும் நம் கடன்.

அடுத்த கூட்டத்தில் புறநானூற்றுத் தாயைப் பாடுங்கள், தோழர்களே, நன்றாகப் பாடுங்கள். கூட்டம் முடிந்து திரும்பும் வழியில், விளக்கணையாத மிலிட்டரிக்காரர் வீடு ஒன்று இருக்கும். “பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே, அக்கா?” என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.